வான் பயணமும் பெற்றோல் வாடையும்

(நாவற்குடாவுக்குப் பயணம் வந்த தோட்டக் குடும்பங்கள் முன் ஆற்றிய உரை)



மலையிலிருந்து நாவற்குடா வரை பிள்ளைகுட்டிகளோடு வான் பிடித்து வருகிறோம். அது பழைய வொக்ஸ்வேகன் கொம்பி என்றால் கவனம் வேண்டும். 1950இல் ஜெர்மனியில் உற்பத்தி தொடங்கிய அந்த வானுக்கு எஞ்சின் பின்னால். அதைக் குளிர வைப்பது தண்ணீரல்ல, காற்று. பெற்றோல் குழாய் சூடான எஞ்சினை ஒட்டியே போகிறது. றப்பர் காய்ந்து கீறல் விட்டால் பெற்றோல் சொட்டித் தீப்பிடிக்கும். முன்னால் இருக்கும் சாரதிக்கு உடனே தெரியாது.

ஆகவே புறப்படுமுன் கேளுங்கள்: "தம்பி, பெற்றோல் குழாயை எப்ப மாத்தினீங்க?" வாடை வந்தால் கூச்சப்படாமல் நிறுத்தச் சொல்லுங்கள். புகை கண்டால் எஞ்சினை நிறுத்தி, முதலில் பிள்ளைகளை இறக்குவோம், சாமான் பிறகு. தண்ணீர் ஊற்ற வேண்டாம். பெற்றோல் மிதந்து பரவும். எஞ்சின் உடலிலுள்ள மக்னீசியம் பற்றிக்கொண்டால் தண்ணீர் பட்டு இன்னும் மூளும். தீ சிறிதாக இருக்கும்போதே அணைக்க, பவுடர் தீயணைப்பான் ஒன்று வானில் இருக்கட்டும்.

வான் போனால் போகட்டும். நமக்கு உயிர்தான் பெரிது.