கல்கத்தா உத்தரவும் பெரிய தோட்டாக்களும்



யானை, காட்டெருமை போன்ற பெரிய விலங்குகளைச் சுடுவதற்கென்று ஒரு காலத்தில் ரைஃபிள்கள் செய்தார்கள். அவற்றை 465, 470, 475, 476 என்று எண்களால் அழைத்தார்கள். அங்குலத்தை ஆயிரம் பங்காக்கிக் குழலின் விட்டத்தை அளக்கும் கணக்கு அது. எல்லாமே ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் மயிரிழை வித்தியாசம்தான். பிறகு எதற்கு இத்தனை எண்கள்? வேட்டைக்காரர்களின் விருப்பத்தைவிட, இந்தியாவை ஆண்ட வெள்ளைக்காரர்களின் பயம்தான் இதற்குப் பெரிய காரணம்.

1871 முதல் பிரிட்டிஷ் ராணுவத்தில் மார்ட்டினி-ஹென்றி என்ற ரைஃபிள் இருந்தது. அதன் குழல் 450. அது பழசாகிப் போன பிறகும் இந்தியாவில், குறிப்பாக வடமேற்கு எல்லையில், பலர் கைகளில் புழங்கியது. இந்த நிலையில் 1898இல் லண்டனில் ரிக்பி என்பவர் கார்டைட் என்ற வெடிமருந்து அடைத்த வேட்டைத் தோட்டா ஒன்றைக் கொண்டுவந்தார். அதுவும் 450. சுமார் 31 கிராம் எடையுள்ள குண்டு, நொடிக்கு 650 மீட்டர் வேகம். வேட்டைப் பிரியர்களிடம் நல்ல வரவேற்பு. கல்கத்தாவில் இருந்த அரசுக்கோ, இந்த 450 சரக்கு கலகக்காரர்களின் மார்ட்டினிக்குப் போய்ச் சேர்ந்துவிடுமோ என்ற கலக்கம். 1907இல் இந்தியாவுக்குள் 450 வரக்கூடாது என்று தடை போட்டார்கள். சூடானிலும் அதே தடை.

இந்தியச் சந்தையை இழக்க லண்டன் கம்பெனிகளுக்கு மனம் வருமா? 450ஐ விட்டு விலகிய எண்ணைத் தேடினார்கள். ஹாலண்ட் கம்பெனி 500 தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, கழுத்தைச் சுருக்கி 465 ஆக்கியது. ஜோசப் லாங் கம்பெனி 470 கொண்டுவந்தது. அதுவும் கழுத்துச் சுருக்கிய 500தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தடைக்குக் காரணமான மார்ட்டினித் தோட்டாவே, ஸ்னைடர் என்ற முந்தைய துப்பாக்கியின் 577 கூட்டைக் கழுத்துச் சுருக்கிச் செய்ததுதான்!

கம்பெனிகள் செய்த இந்த வித்தையைத் தனி ஆட்கள் தங்கள் பட்டறையில் செய்தால் அதற்கு வைல்ட்கேட் என்று பெயர். எந்தத் தொழிற்சாலையும் விற்காத, ஒரு கைவினைஞர் தானே வடிவமைத்த தோட்டா. அமெரிக்காவில் இது பெரிய பொழுதுபோக்கு. லண்டன் இரட்டைக்குழல் ரைஃபிள் யானை விலை விற்றது. அதனால் அமெரிக்கத் துப்பாக்கிக் கைவினைஞர்கள், ஹாலண்ட் 1912இல் வெளியிட்ட 375 தோட்டாவின் கூட்டை நேராக விரித்து, 458 குண்டைப் பொருத்தினார்கள். 450 வாட்ஸ் இந்த வகையில் பிறந்தது.

1956இல் வின்செஸ்டர் கம்பெனி இதே வழியில் 458 வின்செஸ்டர் மேக்னத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சாதாரண ரைஃபிளில் அடங்க வேண்டும் என்று கூட்டின் நீளத்தைக் குறைத்தார்கள். அங்கேதான் கோளாறு. இடம் போதாமல் மருந்தை அழுத்தி அடைக்க, சிலவற்றில் அது கட்டிப்பட்டு வேகம் குறைந்தது. 1959இல் மொசாம்பிக்கில் இந்தத் தோட்டாவை நம்பிப் போன ஜாக் லாட் என்பவரைக் காட்டெருமை முட்டிப் படுகாயப்படுத்தியது. பிழைத்து வந்தவர் கூட்டை மறுபடி நீளமாக்கி 1971இல் 458 லாட் என்ற தோட்டாவை உருவாக்கினார். பிற்பாடு அது தொழிற்சாலைத் தோட்டாவாகவே விற்பனைக்கு வந்தது. அவர் செய்ததுதான் சரி என்பேன்.

நம் பக்கம் இந்த விளையாட்டெல்லாம் வரவில்லை. சேலம், தருமபுரிக் காடுகளில் வேட்டையாடிய கென்னத் ஆண்டர்சன்கூட 405 வின்செஸ்டர் என்ற கடைச் சரக்கைத்தான் தூக்கிக்கொண்டு அலைந்தார். ஆனால் 1907இன் நியாயம் மட்டும் சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. ராணுவத்தின் 303 பொதுமக்களுக்குத் தடை. அதற்குப் பதிலாக அரசுப் படைக்கலத் தொழிற்சாலையின் 315.

இத்தனை எண்களுக்கு நடுவே, கல்வராயன் மலையில் போலீசார் அவ்வப்போது பிடிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு எண்ணும் கிடையாது, தோட்டாவும் கிடையாது. குழல் வாய்வழியே கரிமருந்தைக் கிட்டித்து, பால்ரஸ் குண்டைப் போடுவது. மருந்தின் அளவு கைக்கணக்கு. குழல் எவ்வளவு தாங்கும் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. வெடித்தால் பிடித்திருப்பவர் முகத்தில்தான் வெடிக்கும்.

கல்வராயன் மலைக் கிராமங்களில் இந்த உரையைக் கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மரவள்ளிக்குப் பன்றி வருகிறது என்பதற்காக உரிமமில்லாத துப்பாக்கியைப் பரணில் வைத்திருக்காதீர்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அது சிறைக்குப் போகும் குற்றம். கரியாலூர் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள். பயிர் சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்டு மனுக் கொடுங்கள்.