தீவுல குடியிருப்பு, மார்க்கெட்ல பிழைப்பு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், வாழை இலை வியாபாரம் செய்யும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னை முதலீடு பத்திப் பேசச் சொன்னாங்க. நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ. முதலீடுன்னா எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்: காலையில கையை விட்டுப் போன காசு, சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி வரணும், வரும்போது கூட நாலு காசையும் கூட்டிட்டு வரணும். அதனால என் கதையையே சொல்றேன். அதுல நான் செஞ்ச தப்பும் இருக்கு.

நான் குடியிருக்கிறது ஒரு தீவுல. சிரிக்காதீங்க. முக்கொம்புல காவிரி ரெண்டா பிரியுது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. அங்கேருந்து கல்லணை வரைக்கும் நடுவுல கிடக்கிற நிலம் பூராவும் தீவுதான். ஸ்ரீரங்கமும் திருவானைக்கோவிலும் அதுக்குள்ளதான் இருக்கு. கிழக்கே திருவளர்ச்சோலை, உத்தமர்சீலின்னு போனா கண்ணுக்கு எட்டின வரைக்கும் வாழை. ஆறு நமக்குச் சோறும் போடும், சில வருஷம் வந்து தட்டையும் எடுத்துக்கிட்டுப் போயிடும்.

விடியக்காலம் மூணரை மணிக்கு இலைக்கட்டை லோடு ஆட்டோவுல ஏத்திக் காவிரிப் பாலம் தாண்டுவேன். எட்டு மணிக்குள்ள மார்க்கெட்ல வித்தாகணும். வெயில் ஏறினா இலை வதங்கிடும். வதங்கின இலையை மெஸ்காரங்க கையாலயும் தொட மாட்டாங்க. புளியோ மிளகாயோ வித்தா நாளைக்கு வித்துக்கலாம். இலைக்கு நாளைக்குன்னு ஒண்ணு கிடையாது.

2022 ஜூன்ல எங்க குழுவுக்கு வங்கிக் கடன் கிடைச்சது. என் பங்கு 40,000 ரூபாய். அதை அப்படியே கொள்ளிடக் கரையோரம் இருந்த ஒரே ஒரு தோட்டத்துக்கு அட்வான்ஸா கொடுத்தேன். ஒரு வருஷம் பூரா இலை அறுத்துக்கலாம், விலையும் குறைச்சலா இருந்துச்சு. "எல்லாத்தையும் ஒரே இடத்துலயா போடுறே?"ன்னு எங்க அம்மா கேட்டாங்க. நான் காதுல வாங்கல.

ஆகஸ்ட்ல மேட்டூர்ல திறந்த தண்ணி கொள்ளிடத்துல கரை ததும்ப வந்துச்சு. தோட்டத்துக்குள்ள இடுப்பளவு தண்ணி. வடிஞ்சு பார்த்தா பாதி மரம் சாய்ஞ்சு கிடக்கு, மீதியில இலை பூரா சேறு. சரி, வேற தோட்டத்துல கடனுக்கு இலை வாங்கி ஓட்டலாம்னு பார்த்தேன். செப்டம்பர்ல காவிரிப் பாலத்தைப் பராமரிப்பு வேலைக்காக அடைச்சாங்க. முதல்ல டூவீலர் மட்டும் போகலாம்னாங்க; நவம்பர்ல அதுவும் நின்னுச்சு. 1976-ல திறந்த பாலம், ரிப்பேர் பண்ணித்தான் ஆகணும், அதைக் குறை சொல்லல. ஆனா பைபாஸ் பாலம் வழியா சஞ்சீவி நகர் சுத்தி வர்றதுக்கு ஆட்டோ வாடகை 300-லேருந்து 550 ஆயிடுச்சு. நான் வந்து சேர்றதுக்குள்ள வாடிக்கை மெஸ்காரங்க வேற கடையில வாங்கிட்டுப் போயிடுவாங்க.

அப்பத்தான் அந்தத் தப்பைச் செஞ்சேன். குழுத் தவணை கட்ட, குழுவுக்குத் தெரியாம தண்டல் வாங்கினேன். 10,000-ன்னு எழுதிக்கிட்டு 8,500 கையில கொடுத்தாங்க. நாளுக்கு 100 ரூபாய், 100 நாள். அந்தக் கணக்கை இப்ப உங்களோட சேர்ந்து போடுறேன். 100 நாள்ல நான் கட்டுற வட்டி 1,500. அதே 8,500-ஐ நம்ம குழு சேமிப்புலேருந்து மாசம் ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கி, மூணு மாசத்துல சமமா திருப்பிக் கட்டியிருந்தா, முதல் மாசம் 85, ரெண்டாம் மாசம் 57, மூணாம் மாசம் 28. மொத்தமே 170 ரூபாய். 170 எங்கே, 1,500 எங்கே? வாய் திறந்து கேட்கக் கூச்சப்பட்டதுக்கு நான் கொடுத்த விலை 1,330 ரூபாய்.

ரெண்டு மாசம் தவணை நின்னுபோச்சு. கூட்டத்துக்கும் போகல. அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு பொய் சொல்லி அனுப்பினேன். அம்மா வாசல்ல உட்கார்ந்து நார் கிழிச்சுக்கிட்டு இருந்தாங்க. எங்க தலைவி நேரா வீட்டுக்கே வந்துட்டாங்க. அம்மாவைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. "ராத்திரி கூட்டம் இருக்கு, வந்துடு"ன்னாங்க. வேற ஒரு வார்த்தை கேட்கல.

அன்னிக்கு ராத்திரி இட்லிக்கடை வச்சிருக்கிற அக்கா கோபமாத்தான் பேசினாங்க. "நீ கட்டலைன்னா அடுத்த கடன் 14 பேருக்கும் கிடைக்காது. என் பொண்ணு காலேஜ் ஃபீஸ் அதை நம்பித்தான் இருக்கு. உன் தோட்டம் முழுகினா என் பொண்ணு படிப்பும் முழுகணுமா?"ன்னாங்க. எனக்கு அழுகை வந்துச்சு. ஆனா அவங்க கேட்டது நியாயம். இன்னிக்கும் அதைத்தான் சொல்வேன்.

கடைசியில தீர்மான நோட்டுல எழுதினாங்க. கடன் தள்ளுபடி கிடையாது. சேமிப்புலேருந்து 6,000 உள்கடன் கொடுத்து மிச்சத் தண்டலை அடைக்கணும். நின்ன ரெண்டு தவணையையும் குழுவே வங்கிக்குக் கட்டும். நான் அதைச் சேர்த்து மாசா மாசம் குழுவுக்குத் திருப்பணும். இனிமே ஒரே தோட்டத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. அந்தத் தீர்மானத்துல முதல் கையெழுத்து போட்டது யார் தெரியுமா? அந்த இட்லிக்கடை அக்காதான்.

பயிற்சிக்குப் போனப்ப ஒரு விஷயம் சொன்னாங்க. இந்தோனேசியாவுன்னு ஒரு நாடு, ஆயிரக்கணக்கான தீவு. அங்கேயும் வாழை, அங்கேயும் இலையில சோறு மடிப்பாங்க. அங்க கிராமத்துப் பெண்கள் 'அரிசான்'னு ஒண்ணு நடத்துறாங்க. எல்லாரும் சமமாக் காசு போட்டு, பேரு எழுதின சீட்டைக் குலுக்கி எடுப்பாங்க. வந்த பேருக்கு மொத்தப் பணமும். நம்ம குலுக்கல் சீட்டேதான்! கடல் தாண்டியும் பெண்களுக்கு அதே யோசனை தோணியிருக்கு பாருங்க. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. குலுக்கல்ல பணம் அதிர்ஷ்டம் இருக்கிற பேருக்குப் போகும். குழுவுல அவசியம் இருக்கிற ஆளுக்குப் போகும். அவசியத்தை வாயைத் திறந்து சொன்னாத்தான் போகும்.

2023 மார்ச்ல பாலம் திறந்தாங்க. அதுக்கு முன்னாடியே நான் மாறிட்டேன். இப்ப மூணு தோட்டம், மூணும் வேற வேற இடம். ஒண்ணு மேட்டுப்பாங்கான நிலம். பாதி இலையைத் தீவுக்குள்ளேயே திருவானைக்கோவில் மெஸ்ஸுக்கும் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்துக்கும் கொடுத்துடுறேன். மீதிதான் மார்க்கெட்டுக்கு. பூ, கீரை, வாழைப்பூ விக்கிற நாலு பேரோட சேர்ந்து ஒரே ஆட்டோ. வாடகை அஞ்சா பிரிஞ்சுடுது. உள்கடனையும் குழு கட்டின தவணையையும் 14 மாசத்துல அடைச்சேன். இட்லிக்கடை அக்கா பொண்ணு இப்ப கடைசி வருஷம் படிக்குது. அவங்க கடைக்கு இலை நம்மளோடதுதான். காசு கரெக்டா வாங்கிக்குவேன், அவங்களும் கரெக்டா எண்ணித்தான் வாங்குவாங்க!

நான் கேட்டுக்கிறது மூணு. முதல் போடுறப்ப ஒரு தோட்டத்தையோ ஒரு பாலத்தையோ மட்டும் நம்பாதீங்க. தண்டல்காரரைத் தேடிப் போறதுக்கு முன்னாடி குழுவுல கேளுங்க. ஒருத்தி ரெண்டு கூட்டம் வரலைன்னா, நோட்டுல 'வரவில்லை'ன்னு எழுதிட்டு விட்டுடாதீங்க. அவ வீட்டு வாசல் வரைக்கும் ஒரு எட்டு போய்ப் பாருங்க.

எனக்கு அப்படி ஒருத்தர் வந்தாங்க. அதனாலதான் இன்னிக்கு இந்த மேடையில நிக்கிறேன்.