இரண்டாவது கம்பி யாருடைய செலவில்?

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகளுக்கான கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



சம்பளம் பேசும் சங்கத்துக்கு மின்கம்பியோடு என்ன வேலை என்று சிலர் கேட்கிறீர்கள். பறித்த கொழுந்து கரண்ட் வரும்வரை காத்திருக்காது. ரோலரில் அரைத்த கொழுந்து உரிய நேரத்தில் ட்ரையருக்குப் போகாவிட்டால் தேயிலையின் தரம் கெடும். ஜெனரேட்டர் போட்டால் டீசல் செலவு. அந்த நட்டக் கணக்கு கடைசியில் சம்பளப் பேச்சு மேசைக்குத்தான் வருகிறது.

2021 டிசம்பர் 3, 2023 டிசம்பர் 9 ஆகிய இரு நாட்களிலும் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. இரண்டு தடவையும் கோளாறு தொடங்கியது கொத்மலை - பியகம மின்கடத்தல் மார்க்கத்தில். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் நாடே இருண்டது. நுரைச்சோலை இயந்திரங்களும் நின்றதால் மறுநாள் ஒன்றரை மணி நேர மின்வெட்டு.

அப்படியானால் எல்லா இடத்துக்கும் இரட்டைக் கம்பி போடலாமே? அங்கேதான் செலவு வருகிறது. தோட்டத்தில் ஒவ்வொரு லயத்துக்கும் இரண்டு பாதை வெட்ட முடியாது. ஆனால் ஃபேக்டரிக்கு லொறி போகும் பாதை சரிந்தால் மாற்றுப் பாதை வேண்டும். மின்சாரத்திலும் அப்படித்தான். முக்கிய மார்க்கங்களில் ஒன்று விழுந்தாலும் மற்றவை சுமையைத் தாங்க வேண்டும். பொறியியலாளர்கள் இதை 'என் மைனஸ் ஒன்று' விதி என்கிறார்கள்.

கம்பி மட்டும் போதாது. அந்தப் பெப்ரவரி நாள் ஞாயிற்றுக்கிழமை. பாவனை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம். அதிர்ச்சியைத் தாங்கும் கனமான சுழல் இயந்திரங்கள் குறைவாகவே ஓடின. ஆகவே புதிய கோபுரங்களுக்கு முன்பே செய்யக்கூடிய, செலவு குறைந்த வேலைகள் உண்டு. கம்பியோர மரங்களை வெட்டுவது, விலங்குகள் ஏறாமல் தடுப்பது, பாதுகாப்புக் கருவிகளைச் சோதிப்பது, கையிருப்பு இயந்திரங்களை ஓடவிட்டு வைப்பது ஆகியன அவை.

கம்பிக்கான செலவும் நம் மின் பட்டியலில்தான் சேர்கிறது. 2022 ஓகஸ்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் எனக் கட்டணம் ஏறியபோது லயத்து அறைகள் பட்ட பாட்டை நீங்கள் மறக்கவில்லை. நாட்டுக்கு நீர்மின்சாரம் தர காசல்ரீயிலும் மவுசாக்கலையிலும் தேயிலைக் காணிகள் நீரில் மூழ்கின. அந்த மலையக மக்கள் மீதே சுமை கூடுதலாக விழக்கூடாது.

எனவே நமது கோரிக்கை மூன்று. பராமரிப்புச் செலவை வெட்டாதே. புதிய மார்க்கம் போடுமுன், இருள் வந்தால் எவ்வளவு நட்டம், தடுக்க எவ்வளவு செலவு என்ற கணக்கை மக்கள் முன் வை. குறைந்த அலகு பாவிப்போரின் கட்டணத்தில் கை வைக்காதே.

பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கட்டண மாற்றத்துக்கு முன் மக்கள் கருத்தை எழுத்திலும் நேரிலும் கேட்கிறது. அங்கே கம்பனிகள் பேசுகின்றன. நாம் பேசுவதில்லை. இனி எந்த மின்வெட்டு வந்தாலும் திகதி, நேரம், ஃபேக்டரியில் நின்ற வேலை ஆகியவற்றைக் கொப்பியில் குறித்து வையுங்கள். அடுத்த அமர்வுக்கு அந்தக் கொப்பிகளோடு போவோம்.