கட்டை விரல் முதலில்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



கல்வியின் பெருமையைப் பற்றி நான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதைச் சொல்ல இங்கே ஆள் நிறைய உண்டு. நான் கண் தெரியாத ஒரு கித்தார் வாத்தியாரைப் பற்றிப் பேசப் போகிறேன்.

அவர் பெயர் கேரி டேவிஸ். கறுப்பின அமெரிக்கர். 1896-ஆம் ஆண்டு தென் கரோலினா மாநிலத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே பார்வை போய்விட்டது. பாட்டிதான் வளர்த்தார். அது பருத்தி விளையும் பூமி. அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே பாடுபட்டார்கள். அமெரிக்காவின் தென்பகுதியில் அப்படிப்பட்ட மக்களிடையே பிறந்த பாட்டுதான் புளூஸ். சோகப் பாட்டு என்று சொல்லுவாங்க. ஆனால் கேட்டுப் பாருங்க, அதிலே கிண்டலும் இருக்கும், காதலும் இருக்கும், கைக்காசு தீர்ந்துபோன கோபமும் இருக்கும். நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

டேவிஸ் வாசித்தது வலது கையின் இரண்டே விரல்களால். கட்டை விரல், ஆள்காட்டி விரல், அவ்வளவுதான். திருவிழாவில் தவில்காரர் விரல்களில் கூடு மாட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல இவரும் அந்த இரண்டு விரல்களிலும் சிறிய உறைகளை மாட்டிக்கொள்வார். தடித்த கம்பிகளில் கட்டை விரல் தாளம் போட்டுக்கொண்டே போகும். மெல்லிய கம்பிகளில் ஆள்காட்டி விரல் பாட்டைப் பாடும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரண்டு பேர் உட்கார்ந்து வாசிப்பது போலிருக்கும்.

கேட்பதற்குச் சுலபம். நானும் ஓய்வு பெற்ற பிறகு ஒரு பழைய கித்தாரை வாங்கி முயன்று பார்த்தேன். கட்டை விரல் தனியாகப் போகும்வரை ஒரு தொல்லையும் இல்லை. ஆள்காட்டி விரல் தாளத்துக்குச் சற்று முந்தி ஒரு சுரத்தை எடுத்ததோ இல்லையோ, கட்டை விரலும் அதன் பின்னாலேயே ஓடிவிடும்! கூட்டத்தில் அம்மா கையை விட்ட பிள்ளை மாதிரி. வேறு வழியில்லாமல் மூன்று மாதம் கட்டை விரலை மட்டும் பழக்கினேன். "என்னங்க, பொழுதுக்கும் கதவு தட்டுற மாதிரியே இருக்கு?" என்று என் வீட்டுக்காரம்மா கேட்டார். நியாயமான கேள்விதான்.

டேவிஸ் 1940-களில் நியூயார்க் நகரத்துக்கு வந்து, ஹார்லம் தெருக்களில் பாடிப் பிழைத்தார். பாதிரியாராகவும் இருந்ததால் தேவப் பாடல்களைத்தான் விரும்பிப் பாடுவார். புளூஸ் என்றால் தயங்குவார். வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஒரு பாடத்துக்கு 5 அமெரிக்க வெள்ளி. நேரக் கணக்குக் கிடையாது. 1960 வாக்கில் ஸ்டீபன் கிராஸ்மன் என்ற பதினைந்து வயதுப் பையன், புரூக்லினிலிருந்து பிராங்ஸ் வரை நகரத்தைக் கடந்து அவரிடம் போனான். நாள் முழுக்க அங்கேயே கிடப்பான்.

அந்த வகுப்பை நினைத்துப் பாருங்கள். கரும்பலகை இல்லை. புத்தகம் இல்லை. மாணவனின் விரல் எங்கே இருக்கிறது என்று வாத்தியாருக்குத் தெரியாது. காதுதான் அவருக்குக் கண். அவர் வாசிப்பார், பையன் அந்தக் கைகளையே பார்ப்பான், பிறகு தானும் வாசிப்பான். பையன் ஒலிப்பதிவுக் கருவியையும் கொண்டுபோனான். பின்னாளில் அந்த வாசிப்பைப் புத்தகங்களாகவும் எழுதி வெளியிட்டார். ஆறு கம்பிகளுக்கு ஆறு கோடுகள். வீணையில் மெட்டு என்கிறோமே, அது கித்தாரிலும் உண்டு. எத்தனையாவது மெட்டில் அழுத்துவது என்று கோட்டின் மேல் ஓர் எண். சுரம் படிக்கத் தெரியாதவனும் பார்த்துப் பழகலாம். நான் தட்டித் தடவிக் கற்பதும் அந்த முறையில்தான்.

டேவிஸ் 1972 மே 5-ஆம் நாள் காலமானார். அவர் பாடிய இசைத்தட்டுகள் 1935-இலிருந்தே உண்டு. ஆனால் இசைத்தட்டில் ஓசைதான் இருக்கும். எந்த விரலை எங்கே வைத்தார் என்பது இருக்காது. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன்தான் சொல்ல முடியும். கிராஸ்மன் மட்டுமல்ல, டேவ் வான் ரோங்க், ராய் புக் பைண்டர், எர்னி ஹாக்கின்ஸ் என்று அப்படிப் பார்த்தவர்கள் பலர் இருந்தார்கள்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், என் தாத்தா தோட்டத்துக் கோயிலில் உறுமி வாசித்தவர். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்தால் மாடு உறுமுவது போலவே கேட்கும். பொழுது சாய்ந்ததும் லயத்து வாசலில் உட்கார்ந்துகொண்டு, "வாடா தம்பி, குச்சியப் பிடி" என்பார். எனக்கு இடைநிலைப்பள்ளிச் சட்டை போட்ட மிடுக்கு. "பரீட்சை இருக்கு தாத்தா" என்பேன். பரீட்சை இல்லாத நாளிலும் அதையேதான் சொன்னேன். அவரும் கொஞ்ச நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார். 1969-இல் தவறிவிட்டார்.

உறுமி இன்னும் என் வீட்டில் இருக்கிறது. தோல் மாற்றி வைத்திருக்கிறேன். குச்சியைப் பிடித்தால் கீச்சென்று கத்துகிறது, உறுமவில்லை. அவர் மணிக்கட்டை எப்படி வளைத்தார் என்று எத்தனை யோசித்தும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள், பரிசு வழங்கவும் நேரமாகிவிட்டது.