பைக்குள் காத்திருக்கும் பெண் அந்து

(அசாம் ஜாவா வட்டாரச் செம்பனைத் தோட்ட மக்களுக்கு ஆற்றிய உரை)



செம்பனை ஓலையின் அடிப்புறத்தில் சருகுத் துணுக்குகளால் ஆன சிறு பைகள் தொங்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். மலாய் மொழியில் 'உலாட் புங்குஸ்' எனப்படும் பைப்புழுவின் வீடு அது. இப்புழு ஓலையை அரித்துவிட்டால் விளைச்சல் 40 விழுக்காடு வரை குறையக்கூடும். அவ்விழப்பு குலை வெட்டுவோரின் வருமானத்தையும் தொடும்.

இப்புழு வளர்ந்து அந்துப்பூச்சியாகிறது. ஆணுக்குச் சிறகுண்டு, ஆனால் அது உணவு கொள்வதில்லை, ஓரிரு நாட்களே வாழும். பெண்ணுக்கோ சிறகே இல்லை. தன் பையைவிட்டு வெளிவராமல், ஒருவகை வாசனையைக் காற்றில் விட்டு ஆணை அழைக்கும். இணை சேர்ந்தபின் அப்பைக்குள்ளேயே 100 முதல் 300 முட்டைகள் வரை இட்டு மடியும்.

இங்கேதான் வயது குறுக்கிடுகிறது. பொதுவாக அந்துப்பூச்சிகளில் இளம்பெண்ணின் வாசனை வலுவானது. நாள் செல்லச் செல்ல அது குன்றும். ஆதலால் பல இனங்களில் மூத்த பெண், வழக்கமான நேரத்திற்கு முன்னரே அழைக்கத் தொடங்கி நெடுநேரம் அழைக்கிறது. காலம் கடப்பது அதற்கும் தெரிகிறது போலும்! இணை சேரத் தாமதமானால் முட்டைகளின் எண்ணிக்கை குறைகிறது. இணையே கிட்டாத பைப்புழுப் பெண்ணால் அடுத்த தலைமுறை இல்லை. ஆராய்ச்சியாளர்கள் இணை சேராத பெண்ணைப் பையோடு ஒட்டுப்பொறியில் வைத்து ஆண்களைப் பிடித்திருக்கின்றனர். அப்பொறியில் வைக்கும் பெண் இளமையானதாக இருத்தல் வேண்டும். கிழடானால் மாற்றியாக வேண்டும்.

மருந்தடிப்பிலும் பருவம் அறிதல் இன்றியமையாதது. 'பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்' என்னும் நுண்ணுயிர் மருந்து, இலையைத் தின்னும் இளம்புழுவின் வயிற்றுள் சென்றால்தான் வேலை செய்யும். தின்பதை நிறுத்திக் கூட்டுப்புழுவாகவோ அந்தாகவோ பைக்குள் இருக்கும் பூச்சிக்கு அதனைத் தெளிப்பது பணத்தைக் காற்றில் விடுவதாகும். கண்டபடி கடும் நஞ்சு தெளிப்பதோ அதனினும் தீது. 1950களின் பிற்பகுதியில் மலாயாத் தோட்டங்களில் அவ்வாறு தெளித்ததால், பைப்புழுவைத் தாக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் அழிந்து புழுக்கள் பெருகின. தெளிப்பை நிறுத்தியதும் புழுக்கள் தணிந்தன என்று பூச்சியியலறிஞர் பிரையன் உட் 1960களில் எடுத்துரைத்தார். அக்குளவிகளுக்குத் தேன் தரும் பூஞ்செடிகளைத் தோட்டச் சாலையோரம் நடுவது இன்று வழக்கமாகியுள்ளது.

ஆகவே பையைக் கண்டால் ஒன்றிரண்டைக் கிழித்துப் பாருங்கள். உள்ளே இருப்பது இளம்புழுவா, கூட்டுப்புழுவா, முட்டைக் குவியலா என்பதையும், எந்த நிரையில் கண்டீர்கள் என்பதையும் மண்டோரிடம் கூறுங்கள். முட்டையாயின் ஏறத்தாழ இரண்டரை வாரத்தில் பொரிக்கும். மருந்துக்கு ஆயத்தமாக அந்த அவகாசம் போதும்.

பொரித்த குஞ்சுப்புழு நூலிழையில் தொங்கிக் காற்றோடு அண்டை மரத்திற்கும் அண்டைத் தோட்டத்திற்கும் செல்லும். 2013 ஆம் ஆண்டு அரசாங்கம் பைப்புழுவை ஆபத்தான பூச்சியென அரசிதழில் அறிவித்தது. ஆகையால் பக்கத்துச் சிறுதோட்டக்காரருக்கும் செய்தியை அன்றே சொல்லிவிடுங்கள்.