பழவேற்காட்டுச் சேறும் செவ்வாய்ப் பாறையின் புள்ளிகளும்

இந்த வாரம் வழக்கம்போல என் ரூமில் போர்வையைப் போர்த்திக்கொண்டு ரெக்கார்டு பண்ணவில்லை. பழவேற்காட்டில், படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் கேட்கிற சத்தம் மோட்டார் படகு, காக்கா, மீன் ஏலம். எடிட்டில் கொஞ்சம் குறைக்கிறேன், மொத்தமாக எடுக்க மனசு வரவில்லை.

தெரியாதவர்களுக்கு: சென்னைக்கு வடக்கே இருக்கும் இந்த ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கிற தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. 2013 நவம்பர் 5, மதியம் 2.38-க்கு மங்கள்யான் கிளம்பியது அங்கிருந்துதான். அப்போது நான் பிளஸ் ஒன்.

காலையில் என்னை ஏரிக்குள் கூட்டிப்போன படகுக்கார அண்ணனிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். "அன்னிக்குத் தொழிலுக்குப் போவல தம்பி. ராக்கெட் வுடுற அன்னிக்குக் கடலுக்குப் போவக் கூடாதுன்னு சொல்லிடுவாங்க. கரையில நின்னு பாத்தோம். அது போய்ச் சேந்துச்சா?"

"சேர்ந்துச்சுண்ணா. அடுத்த வருஷம் செப்டம்பர் 24-ஆம் தேதி."

"அங்க இன்னா இருந்துச்சு?"

அவ்வளவுதான் கேட்டார். எனக்கு ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. இந்த எபிசோடு முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுவோம். செவ்வாயில் புதைபடிவம் தேடுகிறார்கள் என்றவுடன் நம் மனசில் எலும்புக்கூடு வரும். ஆனால் பூமியின் கதையைப் பாருங்கள். இங்கே உயிர் தோன்றி குறைந்தது 350 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதில் பெரும்பகுதி நேரம் இருந்தவை நுண்ணுயிர்கள் மட்டும்தான். கண்ணால் பார்க்கிற அளவுக்கு விலங்குகள் வந்தது கடைசி 60 கோடி ஆண்டுகளுக்குள். இங்கிருந்து மேற்கே கடப்பைப் பக்கம் போனால், ஏறக்குறைய 190 கோடி ஆண்டு பழைய சுண்ணாம்புப் பாறைகளில் அடுக்கடுக்கான வளையங்கள் தெரியும். பேர் ஸ்ட்ரோமட்டோலைட். நுண்ணுயிர்கள் படலம் படலமாக வளர்ந்து விட்டுப்போன தடம். எலும்பு இல்லை, ஓடு இல்லை, குடியிருந்த வீட்டின் அச்சு மட்டும்.

செவ்வாயில் ஆறும் ஏரியும் இருந்ததும் 350 கோடி ஆண்டுகளுக்கு முன்னால்தான். அதனால் அங்கே எதையாவது தேடுவதென்றால் நுண்ணுயிர் விட்டுப்போன தடயத்தைத்தான் தேட வேண்டும். எங்கே? சேற்றில்.

நாசாவின் பெர்சவரன்ஸ் ரோவர் 2021 பிப்ரவரி 18 அன்று ஜெசரோ என்ற பள்ளத்தில் இறங்கியது. ஜெசரோ என்றால் சில ஸ்லாவிய மொழிகளில் 'ஏரி' என்றே அர்த்தம். சுமார் 45 கிலோமீட்டர் அகலம். ஆறு உள்ளே வந்த வழி, டெல்டா, தண்ணீர் வெளியே போன வழி, எல்லாம் இன்னும் அப்படியே தெரிகிறது.

இதைச் சொன்னதும் படகுக்கார அண்ணன் கேட்டார்: "அப்புறம் ஏன் வத்திப்போச்சு? மொவத்துவாரம் அடைஞ்சிடுச்சா?"

சிரிப்பு வந்தது, ஆனால் அவருக்கு அது விளையாட்டுக் கேள்வி இல்லை. முகத்துவாரத்தில் மணல் அடைத்தால் கடல்தண்ணீர் உள்ளே வராது, இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வராது, பாடு முறையில் தன் முறை வந்தாலும் வலையில் ஒன்றும் இருக்காது. "செவ்வாய்க்கு காந்தப்புலம் போயிடுச்சுண்ணா. சூரியக்காத்து அதோட காத்து மண்டலத்தையே கொஞ்சம் கொஞ்சமா அரிச்சிடுச்சு" என்றேன். "எங்களுக்கு மணலே போதும்" என்றார்.

சரி, சேற்றுக்கு வருவோம். ஆழம் குறைந்த இடத்தில் அவர் மூங்கில் கழியை ஊன்றி இழுத்தார். நுனியில் மை மாதிரி கறுப்புச் சேறு, அழுகின முட்டை வாடை. மேல்தோல் மாதிரி மெல்லிய பழுப்பு, அதற்குக் கீழே முழுக்கக் கறுப்பு. காரணம் என்னவென்றால், சேற்றுக்குள் கொஞ்சம் கீழே போனாலே ஆக்சிஜன் கிடையாது. ஆனால் அங்கேயும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாம் ஆக்சிஜனை வைத்துச் செய்கிற வேலையை அவை கடல்தண்ணீரில் இருக்கும் சல்ஃபேட்டையும் மண்ணில் இருக்கும் துருவையும் வைத்துச் செய்கின்றன. செத்த இலை, பாசி, மீன் கழிவுதான் சாப்பாடு. கழிவாக ஹைட்ரஜன் சல்ஃபைடு வருகிறது. அதுதான் அந்த வாடை. அது இரும்போடு சேர்ந்தால் இரும்பு சல்ஃபைடு. அதுதான் அந்தக் கறுப்பு. கழியில் ஒட்டின சேறு நாங்கள் கரைக்குத் திரும்புவதற்குள் ஓரத்தில் பழுப்பாக மாற ஆரம்பித்துவிட்டது. காற்று பட்டதும் மறுபடி துரு.

இப்போது செவ்வாய். 2024 ஜூலையில், ஜெசரோவுக்குள் வந்த பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கில், சேறு இறுகிக் கல்லான ஒரு பாறையை ரோவர் பார்த்தது. பேர் செயாவா ஃபால்ஸ். சிவப்புப் பாறையில் மில்லிமீட்டர் அளவுப் புள்ளிகள், நடுவில் வெளிறி, ஓரம் கறுத்து, சிறுத்தைத் தோல் மாதிரி. அதில் விவியனைட், கிரைகைட் என்ற இரண்டு தாதுக்கள் இருப்பதற்கான அறிகுறி தெரிந்தது. ஒன்று இரும்பு பாஸ்ஃபேட், இன்னொன்று இரும்பு சல்ஃபைடு. கூடவே கரிமப் பொருளும் இருந்தது. நம் பூமியில் இந்த இரண்டு தாதுக்களும் எங்கே கிடைக்கும் தெரியுமா? கரிமப் பொருள் மக்குகிற, ஆக்சிஜன் இல்லாத சேற்றில். அதாவது அந்தக் கழி நுனியில் இருந்த மாதிரி சேற்றில். 2025 செப்டம்பர் 10 அன்று ஜோயல் ஹூரோவிட்ஸ் குழுவின் ஆய்வு நேச்சர் இதழில் வந்தது.

உடனே 'செவ்வாயில் உயிர் கண்டுபிடிப்பு' என்று ஃபார்வர்டு வந்திருக்குமே, எனக்கும் ஃபேமிலி குரூப்பில் வந்தது. ஆனால் அந்த விஞ்ஞானிகள் சொன்ன வார்த்தை 'உயிர்த்தடயமாக இருக்கக்கூடியது'. ஏன் இவ்வளவு ஜாக்கிரதை?

என் வேலையிலிருந்து ஒன்று சொல்கிறேன். முன்பு ஓர் இடத்தில் வேலை பார்த்தபோது ராத்திரி 2 மணிக்கு சர்வர் படுத்துவிட்டது. லாக் ஃபைலில் ஒரு வரி பார்த்தேன். 'கண்டுபிடிச்சுட்டேன், இதுதான் காரணம்' என்று மெயில் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். மூன்றாவது நாள் மறுபடி அதே கோளாறு. விஷயம் என்னவென்றால், அதே வரியை வேறொரு புரோகிராமும் எழுதும். வரி உண்மை. யார் எழுதினது என்று நான் சொன்னதுதான் தப்பு.

இதே தப்பு பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1984-இல் அண்டார்டிகாவில் கிடைத்த ஏஎல்ஹெச் 84001 என்ற செவ்வாய்க் கல்லில் நுண்ணுயிர்ப் புதைபடிவம் இருக்கலாம் என்று 1996-இல் டேவிட் மெக்கே குழு அறிவித்தது. அமெரிக்க அதிபர் கிளிண்டனே மைக் முன்னால் வந்து பேசினார். அப்புறம் அதிலிருந்த ஒவ்வொரு தடயத்துக்கும் உயிர் இல்லாமலே நடக்கக்கூடிய ஒரு வழியை மற்றவர்கள் காட்டினார்கள். இன்று பெரும்பாலான விஞ்ஞானிகள் அதை ஏற்பதில்லை.

செயாவா ஃபால்ஸுக்கும் அதே சோதனைதான். சூட்டில் வேதிவினை நடந்தாலும் இப்படிப் புள்ளி வரலாம். ஆனால் அந்தப் பாறை அவ்வளவு சூடான அடையாளம் இல்லை. குளிரிலேயே, உயிர் இல்லாமல், மெதுவாக நடந்திருக்குமா? தெரிய வேண்டும் என்றால் கல்லை பூமிக்குக் கொண்டுவந்து லேபில் பார்க்க வேண்டும். ரோவர் அதில் ஒரு துண்டைக் குடைந்து குழாயில் போட்டு மூடி வைத்திருக்கிறது. பேர் சஃபைர் கேன்யன். பிரச்சினை, அதை எடுத்துவருவதில். கொண்டுவரும் திட்டத்துக்கு 1,100 கோடி டாலர் வரை ஆகலாம், 2040 ஆகிவிடும் என்று 2024-இல் நாசாவே சொன்னது. 2025-இல் அதைக் கைவிடச் சொல்லி வெள்ளை மாளிகை பட்ஜெட் பரிந்துரை வந்தது. பதில் ஒருவேளை அந்தக் குழாய்க்குள் இருக்கலாம். எடுத்துவரத்தான் ஆள் இல்லை.

திரும்பி வரும்போது கரையோரம் இருளர் பெண்கள் சிலர் தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பனையோலைப் பறியை வாயில் கடித்துக்கொண்டு, இரண்டு கையும் சேற்றுக்குள். ஒரு அக்கா கரையேறினதும் கேட்டேன்: "எங்க இறால் இருக்குன்னு பாத்தாலே தெரியுமாக்கா?"

"பாத்தா இன்னா தெரியும்? கலங்கலா இருந்தா இருக்கும்னு தோணும், இருக்காது. கைய வுட்டாத்தான் இறாலா, கல்லான்னு தெரியும்."

இதைவிட எளிமையாக அந்த நேச்சர் கட்டுரையை எனக்கு யாரும் விளக்கியதில்லை. ரோவர் கலங்கலைப் பார்த்திருக்கிறது. கை இன்னும் சேற்றுக்குள் போகவில்லை.

படகுக்கார அண்ணனிடம் கடைசியில் இப்படிச் சொன்னேன்: "அங்க ஏரி இருந்துச்சுண்ணா. சேறு இருந்துச்சு. நம்ம சேத்துல நடக்குற மாதிரியே ஏதோ நடந்திருக்கு. யார் பண்ணினதுன்னு இன்னும் தெரியல."

கொஞ்ச நேரம் கழியைக் கழுவிக்கொண்டே இருந்தார். "சேறு கெட்டுப்போறதுக்குள்ள கொண்டாந்து பாக்கச் சொல்லு" என்றார். அந்தச் சேறு 350 கோடி வருஷமாகக் கெடவில்லை, இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். அவர் கழியில் இருந்த சேற்றைப் பற்றித்தான் எனக்கு அப்படி உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

டீ ஆறிப்போச்சு. இந்த வாரம் இவ்வளவுதான் மக்களே. லீவு நாளில் பழவேற்காடு வந்தால் ஃபிளமிங்கோவை மட்டும் போட்டோ எடுத்துவிட்டுப் போகாதீர்கள். படகை நிறுத்தச் சொல்லி, ஒரு தடவை அந்தக் கறுப்புச் சேற்றையும் மோந்து பாருங்கள். அடுத்த எபிசோடில் பேசுவோம்.