வெள்ளத்திற்கு இடம் விட்ட உழவர் மகன்



இன்று பயிர் ரகம் பற்றியோ உர அளவு பற்றியோ பேசப் போவதில்லை. சீனாவைச் சேர்ந்த யூ கொங்ஜியான் என்பவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அவர் நில அமைப்பு வல்லுநர். அதாவது பூங்கா, ஆற்றங்கரை போன்ற வெளியிடங்களைத் திட்டமிட்டு அமைப்பவர். பிறந்ததோ உழவர் குடும்பத்தில், 1963ஆம் ஆண்டு, ஜின்ஹுவா பகுதியின் சிற்றூர் ஒன்றில்.

சுமார் பத்து வயதில், வெள்ளம் பெருகிய ஊர் ஓடையில் அவர் விழுந்துவிட்டார். கரையோர மரங்களும் நாணலும் நீரின் வேகத்தைத் தணித்திருந்தபடியால், அவற்றைப் பற்றிக்கொண்டு கரையேறினார். அங்கே காங்கிரீட் சுவர் இருந்திருந்தால் மூழ்கியிருப்பேன் என்று பிற்காலத்தில் கூறினார்.

அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று, 1997ல் நாடு திரும்பிப் பேராசிரியரானார். மறு ஆண்டு நிறுவிய தமது நிறுவனத்திற்கு, 'மண்ணின் மனிதன்' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து பெயர் வைத்தார். பட்டிக்காட்டான் என்ற ஏளனமும் அச்சொல்லில் உண்டு! ஷென்யாங் நகரின் பல்கலைக்கழக வளாகத்தில் அழகுப் புல்தரைக்குப் பதிலாக நெல் வயலையே அமைத்தார். மழைநீரைத் தேக்கிப் பாய்ச்சினார்கள்; அறுவடையில் மாணவர்களும் இறங்கினார்கள்.

நமக்கு முக்கியமானது அவரது சொந்தப் பகுதியான ஜின்ஹுவாவில் நடந்ததே. இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில், நகரில் எஞ்சியிருந்த சதுப்பு நிலம் சுமார் 64 ஏக்கர். வெள்ளத்தைத் தடுக்க அங்கே உயரமான சுவர் எழுப்பத் தொடங்கியிருந்தனர். சுவர் முடிந்தால் சதுப்பு நிலம் அழியும் என்று நகர நிர்வாகத்திடம் எடுத்துரைத்து, பணியை நிறுத்தச் செய்தார். கட்டிய சுவரையும் இடித்து, மலைச்சரிவில் நாம் வெட்டும் படிவயல் போலக் கரையைப் படிப்படியாக அமைத்து, வெள்ளம் தாங்கும் நாட்டுப் புற்களை நட்டார். ஆண்டுதோறும் வெள்ளம் கொண்டுவரும் வண்டலே எரு. தனியாக உரமோ பாசனமோ வேண்டியதில்லை. 2014ல் இப்பூங்கா நிறைவுற்றது.

மழைநீரை நிலமே உறிஞ்சும்படி நகரங்களை அமைக்கும் இம்முறையை 2013 முதல் சீன அரசும் கைக்கொண்டது. இது எல்லா மழைக்கும் மருந்தல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். அவ்வாறு பணிகள் நடந்த செங்சௌ நகரில் 2021 ஜூலையில் ஒரே மணி நேரத்தில் 200 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, நகரம் மூழ்கிப் பலர் மாண்டனர். மண் குடிப்பதற்கும் ஓர் அளவு உண்டல்லவா?

2025 செப்டம்பரில், பிரேசில் நாட்டின் பந்தனால் சதுப்பு நிலப் பகுதியில் நேர்ந்த விமான விபத்தில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 62.